மூத்தவாப்பாவின் தழும்பு

மூத்தவாப்பாவின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சாய்ந்தமருதுக்குள் கடல் வந்தபோது அவர் போய்விட்டார். சேற்றுக்குள்ளிருந்து எடுத்த அந்தப் படம் மட்டும் மிஞ்சியது. நான் பிறந்தது அதற்குப் பிறகு. கறை படிந்த அந்த முகத்தைத்தான் எனக்குத் தெரியும்.

சென்ற விடுமுறையில் அதைத் துப்புரவாக்க நினைத்தேன். ஸ்கேன் செய்து, ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். அதிலுள்ள வடிகட்டிகள் எனக்குப் போதவில்லை. வெளியார் உருவாக்கிய செருகுநிரல் ஒன்றைத் தேடினேன். விலைக்கு விற்கும் ஒன்றைச் சும்மா தருவதாக ஓர் இணையத்தளம் சொன்னது. நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்தும்படியும் சொன்னது.

காக்கா எட்டிப் பார்த்தார். "கதவத் துறந்து வெச்சிட்டு நித்திரை கொள்ளச் சொல்றான். நீயும் கொள்ளப் போறியா?"

செருகுநிரலும் ஒரு மென்பொருள்தான். உள்ளே விட்டால் நம் கோப்புகள் எல்லாவற்றிலும் அது கைவைக்கலாம் என்று விளக்கினார். பிறகு, பிரான்ஸிலிருந்து இலவசமாக வெளிவரும் ஜிமிக் செருகுநிரலை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினேன். ஜிம்ப்பின் பதிப்புக்குப் பொருந்துவதைப் பார்த்து நிறுவி, மூடித் திறந்ததும் வடிகட்டிப் பட்டியலில் அது வந்து நின்றது. உள்ளே 500க்கும் மேற்பட்ட வடிகட்டிகள்! மென்மையாக்கும் ஒன்றை முழுப் படத்துக்கும் கொடுத்தேன். முகம் பளிங்கு போலானது. மூத்தம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

நீண்ட நேரம் பார்த்தார். "இது ஆர்ர படம் மகள்?"

நான் பேசாமல் நின்றேன்.

"அவருக்குப் புருவத்துக்கு மேல ஒரு தழும்பிருக்கு. தோணி தள்ளக்குள்ள பட்ட காயம். நான்தான் மருந்து கட்டின."

அதையும் கறை என்றே நான் நினைத்திருந்தேன். வடிகட்டிக்கும் அப்படித்தான். பக்கத்துப் புள்ளிகளோடு ஒத்துப்போகாததை அது சமப்படுத்திவிடும். எது கடல் வைத்த அடையாளம், எது வாழ்க்கை வைத்த அடையாளம் என்று அதற்குத் தெரியாது.

நல்லவேளை, மூலப் படத்தை வேறாகச் சேமித்திருந்தேன். மறுநாள் மூத்தம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு மீண்டும் தொடங்கினேன். அவர் விரல் வைத்த இடத்தை மட்டும் தெரிவுசெய்து, அங்கு மட்டும் வடிகட்டியை ஓட்டினேன். "இது சேறு, எடு. இது அவர்ர, விடு." அஸர் தொழுதுவிட்டு இருந்தவர்கள், மஃரிப் பாங்கு கேட்டுத்தான் எழுந்தோம்.

இப்போது தழும்போடு மூத்தவாப்பா எங்கள் சுவரில் இருக்கிறார். கன்னத்தில் இன்னும் ஒரு சிறு புள்ளி உண்டு. அது சேறா, மச்சமா என்று மூத்தம்மாவுக்கும் நிச்சயமில்லை. அதை நான் தொடவில்லை.