பளபளக்கும் பின்னணி

ஒரு மனுஷனின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஜாதகமெல்லாம் வேண்டாம், சார். அவர் பேன்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். எத்தனை வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஸ்கூட்டரா பஸ்ஸா, பர்ஸ் எந்தப் பாக்கெட்டில்... எல்லாம் அங்கே பளபளவென்று எழுதியிருக்கும்.

என் அப்பாவின் பேன்ட்டிலும் எழுதியிருந்தது.

அப்பாவுக்கு ஒரு பண்டகசாலையில் பில் போடுகிற உத்தியோகம். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை மர ஸ்டூல். அவரிடம் இருந்தது இரண்டே டெரிலின் பேன்ட். "ஆயுசுக்கும் கிழியாது சார்" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றாராம். சொன்ன சொல் தவறவில்லை. கிழியவே இல்லை. பின்பக்கம் மட்டும் ரசம் பூசின கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

1985. நான் ஏழாம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவில், கட்டுரைப் போட்டிக்காக எனக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு. அப்பா வருகிறேன் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் ஒருத்தன், "உங்கப்பா முன்னால நடந்தா பின்னால நின்னு தலை சீவிக்கலாம்டா" என்று சொல்லி, அத்தனை பேரும் சிரித்திருந்தார்கள்.

"அப்பா, வேட்டி கட்டிக்கிட்டு வாங்களேன்."

"ஏன்டா?"

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயசில் நாக்குக்கு நரம்பு ஏது?

வேலையிலிருந்து நேராக வந்ததால் அப்பா பேன்ட்டில்தான் வந்தார். ஆனால் உட்காரவே இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றார். நான் சோப்பு டப்பா வாங்கும்போது பலமாகக் கைதட்டினார். கூட்டம் மொத்தமும் கலைந்த பிறகுதான் சுவரை விட்டு நகர்ந்தார்.

1996-ல் என் முறை வந்தது. சென்னையில் குமாஸ்தா வேலை. முதல் சம்பளத்தில் பாலியெஸ்டர் கலந்த துணியில் இரண்டு பேன்ட் தைத்தேன். ஆபீசில் ரெக்ஸின் நாற்காலி, வெளியே சைக்கிள் சீட். எட்டே மாசத்தில் பரம்பரைச் சொத்து வந்து சேர்ந்துவிட்டது! அதன்பிறகு மேனேஜர் அறையிலிருந்து முகம் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து வெளியே வருவேன். 'என்ன பணிவு!' என்று நினைத்தாரோ என்னவோ, அந்த வருஷம் இன்க்ரிமென்ட்டும் கொடுத்தார். ஒருநாள் அப்படி வரும்போது கதவில் முதுகு இடித்தது. சட்டென்று அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவர் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் நண்பனிடம் புலம்பினேன்.

"மாப்ளே, அது அழுக்கில்லைடா, தேய்மானம். புதுத் துணியில இழையெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கும். வெளிச்சம் பட்டா நாலாபக்கமும் சிதறும். தேயத் தேய மேடெல்லாம் தட்டையாகி, வெளிச்சம் ஒரே பக்கம் திரும்பும். அதான் பளபளப்பு. பருத்தியா இருந்தா இதுக்குள்ள நஞ்சு ஓட்டை விழுந்திருக்கும். பாலியெஸ்டர் விடாக்கண்டன். தட்டையாகுமே தவிர சாகாது. இதுல நீ வேற கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை நேரா வெச்சு அமுக்குறே. அது சூட்டுல இளகுற ஜாதி. அமுக்கினா அமுக்கினபடியே நின்னுடும்."

1941-ல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரத்துத் துணி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்த இழை அது. அவர்கள் வைத்த பெயர்தான் டெரிலின். மர ஸ்டூலில் பதினொரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை!

2006-ல் அடுத்த கூத்து. கல்யாணமாகி, வாஷிங் மெஷின் வந்து, கூடவே துணியை மிருதுவாக்கும் திரவமும் வந்தது. ஒரு மூடி என்று பாட்டிலில் போட்டிருந்தால் நான் நாலு மூடி ஊற்றினேன். தேய்மானத்துக்கு இன்ஷூரன்ஸ் என்று நினைப்பு. மூணு மாசத்தில் என் பாலியெஸ்டர் கலப்புச் சட்டை முழுக்கக் கடுகு தாளித்த மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள்!

மறுபடியும் ஈரோடு. நண்பன் இந்தத் தடவை சிரித்தே விட்டான்.

"அந்தத் திரவம் சோப்புக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலையில பாசிட்டிவ் மின்சாரம். தண்ணியில நனைஞ்ச துணிக்கு லேசா நெகட்டிவ். அதனால தலை துணியில ஒட்டிக்கும், கொழுப்பு வால் வெளியில நீட்டிக்கிட்டு நிக்கும். இழைமேல இழை வழுக்கிப் போகும். கேரம் போர்டுல பவுடர் போடறோமே, அதேதான்."

"அப்ப நல்லதுதானே?"

"அளவா போட்டா நல்லது. உரசல் குறையும். பாலியெஸ்டர் தண்ணியே குடிக்காது. பருத்தி தன் எடையில ஏழு, எட்டு சதவீதம் ஈரம் வெச்சுக்கும். இது அரை சதவீதம்கூட வெச்சுக்காது. அதனாலதான் ஏ.சி. ரூம்ல பேன்ட் காலோட ஒட்டிக்குது, சட்டையைக் கழட்டினா படபடன்னு பொறி பறக்குது. இந்தப் பூச்சு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சு அந்த மின்சாரத்தை வடிச்சுடும். ஆனா நூலுன்னா என்ன? சின்னச் சின்ன இழைகளை முறுக்கி, ஒண்ணை ஒண்ணு உரசிப் பிடிச்சிருக்கிற கூட்டுக் குடும்பம். நாலு மூடி ஊத்தி எல்லாரையும் வழுக்க விட்டா? ஆளாளுக்குக் கிளம்பி வெளியே வந்து, ஒருத்தர்மேல ஒருத்தர் சுத்திக்கிட்டு உருண்டையாயிடும். பருத்தி உருண்டைன்னா தானா உதிரும். பாலியெஸ்டர் இழைதான் அறாதே, கடன்காரன் மாதிரி அங்கேயே தொங்கும்!"

லேபில் ஒரு மெஷினையும் காட்டினான். மார்ட்டிண்டேல் என்று பெயர். வட்டமாக வெட்டின துணியை, மேலே கனம் வைத்து, கம்பளித் துணிமேல் இப்படியும் அப்படியும் சுழற்றிச் சுழற்றித் தேய்க்கிறது. நூல் அறுகிற வரை ஆயிரக்கணக்கான சுற்று. பார்க்கும்போதே எனக்கு நாற்காலியும் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளும் ஞாபகம் வந்தன. மில்லில் இழை ஓடும்போதே அறுந்து போகாமலிருக்க இந்த ஜாதிப் பூச்சு ஒன்றைத் தடவுகிறார்களாம். சாயம் போடுமுன் கழுவி எடுத்துவிட்டு, கடைசியில் வேறு பூச்சு கொடுக்கிறார்களாம். கடையில் நாம் தடவிப் பார்த்து மயங்குகிற மிருதுவில் பாதி அதுதான். துவைக்கத் துவைக்கக் கரைந்துவிடும். சிலிக்கோன் பூச்சென்றால் கொஞ்சம் கூடுதல் நாள் வரும்.

அன்றிலிருந்து நான் திருந்திவிட்டேன். பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பித் துவைக்கிறேன். மிதமான சூட்டில், மேலே ஈரத்துணி போட்டு இஸ்திரி. திரவம் ஒரே மூடி, அதுவும் எப்போதாவது. முரட்டு ஜீன்ஸோடு சேர்த்துச் சுழற்றுவதில்லை. நீங்களும் செய்து பாருங்கள். இன்க்ரிமென்ட்டுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பழைய டிரங்குப் பெட்டியில் அந்த டெரிலின் பேன்ட் கிடைத்தது. இன்னும் கிழியவில்லை. பளபளப்பும் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினொரு மணி நேர ஸ்டூல் அப்படியே தெரிந்தது. என் பள்ளிக்கூடச் சம்பளமும்தான்.

அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தேன்.

"அப்பா... அந்த ஆண்டு விழா அன்னிக்கு ரெண்டு மணி நேரம் சுவரோரமா நின்னீங்களே..."

அப்பா பேன்ட்டை வாங்கி, அந்த இடத்தைக் கையால் ஒரு தடவை தடவினார்.

"அதை ஏன்டா கேக்கறே? விழாவுக்குன்னு சுவத்துக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருந்தானுங்க. நான் கவனிக்கலை. பின்பக்கம் பூரா வெள்ளை. உங்கம்மா அதைப் போக்கறேன்னு கல்லுல போட்டுத் தேய்ச்சதுலதான் இன்னும் பளபளப்பாயிடுச்சு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்க நினைத்த மன்னிப்பு கேட்கப்படாமலே போயிற்று. பேன்ட்டை மட்டும் வாங்கி, பத்திரமாக மடித்து, என் பையில் வைத்துக்கொண்டேன்.