முகம் ஒருத்தருது, கழுத்து ஒருத்தருது

பொதட்டூர்பேட்டையில் எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்திக்குத் திருத்தணியில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பி.காம். கடைசி ஆண்டு. அம்மா தறி வேலை. விற்பனைப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், சம்பளம் பரவாயில்லை, பரீட்சைக் கட்டணம் கட்டிவிடலாம் என்பது கணக்கு. போனில் பேசியவர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்துச் சொன்னாராம்: "கொஞ்சம் பளிச்சுனு வாம்மா."

பளிச்சென்று வருவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தோழர்களே, இங்கேதான் நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். நாங்கள் கோபப்படவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மினரல் மேக்கப் பவுடர் ஒன்று வாங்கி வந்தோம். "ரசாயனம் இல்லாதது, இயற்கையானது" என்று டப்பாவில் போட்டிருந்தது. கடையில் நாலு நிறம் இருந்தது. அவளுடைய நிறத்துக்கு ஒன்றும் இல்லை. இருந்ததிலேயே கருமையானதை எடுத்திருக்கலாம். அதற்கும் ஒரு படி வெளுப்பானதை எடுத்தோம். எடுத்தது கடைக்காரர் இல்லை, நாங்கள்.

மறுநாள் காலை படிப்பகத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பூசிவிட்டோம். நன்றாகத்தான் தெரிந்தது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது வெயிலில் பார்த்தால் முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது. அவள் போன் கேமராவில் ஒரு முறை பார்த்தாள். "இன்னாக்கா இது, மூஞ்சி ஒருத்தருது, கழுத்து ஒருத்தருதா கீது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரத்தோடு பஸ் ஏறினாள்.

விற்பனைப் பிரிவில் இடம் நிரம்பிவிட்டது, உள்ளே பொட்டலம் கட்டும் வேலை இருக்கிறது என்றார்களாம். நிறத்தினால்தான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள். பணம் தேவைப்பட்டதால் மூன்று மாதம் அந்த வேலையைச் செய்தாள்.

அந்தச் சாம்பல் முகம் ஏன் வந்தது என்று பிறகு உட்கார்ந்து படித்தோம். படித்ததையும், பலமுறை பூசிப் பார்த்துக் கற்றதையும் இங்கே எழுதுகிறோம். "போராட்டம் பண்றவங்களுக்குப் பவுடர் எதுக்கு?" என்று எங்களிலேயே ஒரு அக்கா கேட்டார். அவருக்கும் கீழே பதில் இருக்கிறது.

முதலில் டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். மினரல் பவுடர்களில் பெரும்பாலும் நான்கு பொருள்கள்: மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, அயர்ன் ஆக்சைடு. டப்பாவின் பின்பக்கம் இவற்றுக்கு எண்கள் போட்டிருப்பார்கள். மைக்கா 77019. டைட்டானியம் 77891, ஜிங்க் 77947, இரண்டும் வெள்ளை. அயர்ன் ஆக்சைடு மூன்று வகை: 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. பவுடருக்குத் தோலின் நிறத்தைக் கொடுப்பது இந்த இரும்புதான். வெளுத்த தோலுக்கு என்று செய்த பவுடரில் வெள்ளை தூக்கலாகவும் இரும்பு குறைவாகவும் இருக்கும். அதைக் கறுத்த தோலின்மேல் பூசினால் அடியில் இருக்கும் நிறமும் மேலே இருக்கும் வெள்ளையும் சேர்ந்து சாம்பலாகத் தெரியும். தப்பு தங்கையின் முகத்தில் இல்லை, கலவையில் இருந்தது.

நிறம் பார்ப்பது. கையிலோ மணிக்கட்டிலோ பூசிப் பார்க்காதீர்கள். தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் மூன்று நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுங்கள். கடையை விட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊரில் இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயம் போட்ட நூல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் அதை வாசலுக்கு எடுத்து வந்துதானே பார்க்கிறார். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். நம்மில் பலருக்குக் கறுப்புக்குள் மஞ்சளோ சிவப்போ ஓடும். அதையும் கவனியுங்கள். உங்கள் நிறம் கடையில் இல்லையென்றால் இருப்பதில் கருமையானதோடு, மினுக்கு இல்லாத அடர் பழுப்புப் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நிறத்தைக் கொண்டு வரலாம். வெளுப்பை மட்டும் "பரவாயில்லை" என்று வாங்காதீர்கள்.

பூசுவது. முகத்தைக் கழுவி, ஈரப்பதம் தரும் க்ரீம் லேசாகப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். க்ரீம் ஊறுவதற்குள் பவுடர் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தூள் பறந்து மூக்குக்குள் போகக்கூடாது. ஆஸ்துமா இருப்பவர்களுக்குத் தூளைவிடக் கட்டியாக அழுத்தி வைத்த வகை நல்லது. ஒரு சிட்டிகைப் பவுடரை மூடியில் கொட்டுங்கள். அடர்த்தியான, நுனி தட்டையான பிரஷ்ஷை அதில் சுழற்றுங்கள். பிரஷ்ஷின் மயிருக்குள் பவுடர் இறங்கிவிட வேண்டும். பிறகு விளிம்பில் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிட்டு, கன்னத்தின் நடுவிலிருந்து காதுப் பக்கமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். தாடையோடு நிறுத்தாமல் கழுத்துக்குக் கொஞ்சம் இறக்குங்கள். ஒரே தடவையில் கனமாகப் போடுவதைவிட மெல்லியதாக இரண்டு தடவை போடுவது நிற்கும். பருத்தழும்பு இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் சின்ன பிரஷ்ஷால் ஒற்றுங்கள். மைக்கா அதிகமான பவுடர் மினுங்கும். கறுத்த தோலில் அந்த மினுக்கு வியர்வை போலத் தெரியும். எங்களுக்கு மினுக்கு இல்லாததுதான் சரியாக வந்தது.

சித்திரை வெயிலில் வியர்க்கத்தான் செய்யும். துடைக்காதீர்கள், மெல்லிய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். பவுடரில் ஜிங்க் இருக்கிறதே என்று வெயிலை நம்பிப் போகாதீர்கள். நாம் பூசும் அளவுக்கு அது போதாது, சன்ஸ்கிரீன் தனியாக வேண்டும். பிரஷ்ஷை வாரம் ஒரு முறை ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கண் மையை யாரோடும் பகிர வேண்டாம், கண்நோய் பரவும். இரவு தேங்காய் எண்ணெய் தடவிப் பஞ்சால் எடுத்துவிட்டு முகம் கழுவிப் படுங்கள்.

"மினரல்" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். பூமியிலிருந்து வந்தது எல்லாம் நல்லது என்று இல்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகத்துக்குப் பூசிய அரிதாரமும் மினரல்தான். அது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல். எத்தனை கலைஞர்கள் விடிய விடிய அதைப் பூசி ஆடினார்கள்! இன்று ஆர்செனிக், ஈயம் கலந்த சாயங்களை அழகுப் பொருள்களில் சேர்க்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆகவே தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தேதி இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். வெளுக்க வைக்கும் க்ரீம்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கேரளத்தில் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். அந்த க்ரீம்களில் பாதரசம் இருந்தது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் ஆசை மாறவில்லை என்பதற்கு நாங்கள் வாங்கிய அந்த டப்பாவே சாட்சி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்காவை நம் பாட்டிகள் காக்காப்பொன் என்பார்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி வடக்கே போகும் ரயிலில் ஏறினால் கூடூர் வரும். அந்தப் பக்கம் காக்காப்பொன் தோண்டும் பூமி. ஜார்க்கண்டில் கோடர்மா, கிரிதி, பீகாரில் நவாதா பகுதிகளில் சட்டப்படி நடந்த பல சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, கைவிட்ட குழிகளிலும் கழிவு மேடுகளிலும் ஏழைக் குடும்பங்கள் குழந்தைகளோடு மைக்காத் துண்டு பொறுக்குகின்றன. பெரும்பாலும் தலித்துகளும் பழங்குடிகளும். 2016இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் செய்தியாளர்கள் விசாரித்தபோது, இரண்டே மாதத்தில் குறைந்தது ஏழு குழந்தைகள் இந்தச் சுரங்கங்களில் இறந்திருந்தது வெளியே வந்தது. அடுத்த ஆண்டு கம்பெனிகள் சேர்ந்து பொறுப்பான மைக்காவுக்கென ஒரு அமைப்பைத் தொடங்கின. மைக்கா இல்லாத மினரல் பவுடரும் கிடைக்கிறது. பின்பக்கத்தில் 77019 இல்லாததைப் பாருங்கள். இருந்தால், "உங்கள் மைக்கா எங்கிருந்து வருகிறது?" என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நாங்களும் எழுதியிருக்கிறோம்.

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருவோம். 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளைப் போட்டார்கள். சென்சஸ் கமிஷனராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் சட்டை போடக்கூடாது, முடியைக் கிராப் வெட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. மஞ்சள் பூசுவதற்கு ஒரு தடை! நம் பெண்கள் முகத்தில் என்ன பூசலாம் என்பதை ஊர் முடிவு செய்திருக்கிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1927 டிசம்பரில், மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். சாதியைக் காட்டும் உடையையும் நகையையும் விட்டுவிடுங்கள், மற்றவர்கள் கட்டுவது போலவே புடவை கட்டுங்கள் என்றார். உடுப்பதும் பூசுவதும் அவருக்கு அற்ப விஷயமாக இருக்கவில்லை.

அதனால் பூச விரும்பும் தங்கை பூசட்டும். விரும்பாதவள் வெறும் முகத்தோடு போகட்டும். ஆனால் இன்னொருத்தியின் நிறத்துக்கு மாறுவதற்காகப் பூசச் சொல்லும் கடையும் சரி, அக்கா தங்கையும் சரி, நாங்களே ஆனாலும் சரி, அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வேலைக்கு அழைக்கும்போது "பளிச்சுனு வா" என்றால், தேதி, நேரம், பேசியவர் பெயரோடு குறித்து வையுங்கள். அன்று நாங்கள் குறித்து வைக்கவில்லை.

கடந்த ஏப்ரல் 14 அன்று படிப்பகத்துப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். மேக்கப் பொறுப்பு அதே தங்கைக்கு. இப்போது வேறு இடத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையையும் வாசலுக்கு இழுத்துப் போய் வெயிலில் நிறுத்தி, தாடையில் கோடு இழுத்துப் பார்த்தாள். எங்களில் ஒருத்தர் ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் வெளுப்பாகவே பவுடரைக் கலந்து நீட்டியபோது அதை வாங்கிக் கீழே கொட்டிவிட்டு, "கழுத்தப் பாருங்கக்கா" என்றாள்.

பார்த்தோம். மறுபடியும் கலந்தோம்.

ஜெய்பீம்.