வலக் காலும் இடக் காலும்

சதுரகிரி மலையில் ஏறுவதுதான் கஷ்டம் என்று எண்ணியிருந்தேன். இறங்கி வந்த மறுநாள் காலையில் அந்த எண்ணம் மாறிற்று. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து புறப்பட்டு, வழுக்குப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் முதலியவற்றைக் கடந்து, சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்துத் திரும்பிய வீரன், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுத் திண்ணையின் மூன்று படிகளை இறங்கத் திராணியின்றி நின்றேன். தொடை இரண்டையும் யாரோ உலக்கையால் குத்திவிட்டுப் போனாற் போலிருந்தது.

வலியைக் காட்டிலும் பெரிய கவலை வேறொன்று. அமாவாசை கழிந்து சில நாட்களில் ஆடிப்பூரம் வந்துவிடும். ஆண்டாள் தேர் லேசான தேரல்ல. அது ஓடிய வருஷங்களில் நான் வடம் பிடிக்காத வருஷம் கிடையாது. இந்தக் கால்களை வைத்துக்கொண்டு ரத வீதியில் நிற்பது எப்படி?

உடன் வந்த என் மைத்துனன் நிலைமையும் அப்படித்தான். இறங்கும்போது கல் புரண்டு முழங்கால் திருகிக்கொண்டது, சற்றே வீக்கம். ஆக, வீட்டில் இரண்டு நோயாளிகள். இருவருக்கும் ஒரே மருந்து என்று அத்தை தீர்மானித்து, நல்லெண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டார்.

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல் என ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். நம்முடையது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களும் உண்டு. வெள்ளைக்காரன் சொன்ன பிறகே நம்புவேன் என்பவர்களும் உண்டு. இரண்டும் அடிமைப் புத்திதான் என்பது என் அபிப்பிராயம். சோதித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

சோதிக்கும் வழியை 2012-ல் கானடா தேசத்தார் காட்டியிருக்கிறார்கள். பதினொரு வாலிபர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மட்டும் பிடித்துவிட்டார்கள். பிறகு இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்து ஒப்பிட்டார்கள். பிடித்த காலில் அழற்சிக்குரிய அறிகுறிகள் குறைந்திருந்தன.

நானும் அத்தையிடம், "வலக் காலை மட்டும் தேய்த்துவிடுங்கள், அத்தை" என்றேன்.

"இடது கால் என்னடா பாவம் செய்தது?" என்றார் அத்தை.

"அது சாட்சி."

"காலுக்குக் கால் ஓரவஞ்சனையா!" என்று முணுமுணுத்தபடியே வெதுவெதுப்பான எண்ணெயைக் கையில் எடுத்தார். பதமாகத்தான் பிடித்தார். அன்றிரவு வலக் கால் லேசாயிருந்தது. இடக் கால் விண்விண் என்று தெறித்தது. மறுநாளும் வித்தியாசம் இருந்தது, ஆனால் சிறிதே. அதற்கும் மறுநாள் இரண்டு கால்களும் சமாதானமாகிவிட்டன. இதிலே ஒரு வேடிக்கை. வலி குறைந்த முதல் நாளிலும் படி ஏறிப் பார்த்தால் இரு கால்களும் ஒரே மாதிரி நடுங்கின! இங்கிலாந்தில் ஷெபீல்டு சர்வகலாசாலையார் 29 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2020-ல் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய இதுவே: பிடித்துவிடுவதால் தசைவலி கொஞ்சம் தணிகிறது, உடல் சற்று வளைந்து கொடுக்கிறது, பலமோ வேகமோ கூடுவதில்லை.

தசையில் தேங்கிய அமிலத்தைத் தேய்த்து வெளியேற்றுகிறோம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பியவன்தான். ஆனால் அந்த அமிலம் ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு மணியிலேயே தானாக அகன்றுவிடுகிறதாம். கானடாக்காரர் சோதனையிலும் பிடித்த கால், பிடிக்காத கால் இரண்டிலும் அது ஒரே அளவுதான். மலை இறங்கும்போது தொடைத் தசை உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அப்போது அதன் நுண்ணிய இழைகள் சிதைகின்றன. 1902-லேயே ஹஃப் என்ற அமெரிக்கர் இப்படி ஊகித்தெழுதினார். ஏறியபோது சும்மாயிருந்த வலி இறங்கிய மறுநாள் வந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

மைத்துனன் கதை வேறு. அத்தையின் பதமான கை அவனுக்குப் போதவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஓர் ஆளை அழைத்து வந்தான். வந்தவர் வீங்கிய முழங்காலை அழுத்தினார், இழுத்தார், 'சொடக்'கென்று ஓசை எழுப்பிப் பெருமையுடன் எழுந்து சென்றார். மாலைக்குள் முழங்கால் பூசணிக்காய் ஆயிற்று. மூட்டைப் பிணைக்கும் நார் சேதமாயிருக்கிறது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஐஸ் ஒத்தடம், துணிக்கட்டு, ஓய்வு. வீக்கம் வடிந்தபின் சிறிது சிறிதாக அப்பியாசம். புதிதாய் வீங்கிய மூட்டில் அழுத்தித் தேய்க்கலாகாது என்பதை அவன் முழங்காலைச் செலவிட்டுக் கற்றுக்கொண்டோம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாயிருந்தாலும், உடற்சிரமத்துக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போனாலும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதையும் டாக்டர் சொல்லியனுப்பினார்.

பூரத்தன்று நான் வடம் பிடித்தேன். மைத்துனன் ஒரு வீட்டுத் திண்ணையில் காலை நீட்டியபடி தேர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்றிரவு அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது வயதோடு வந்த மூட்டுத் தேய்மானம். டாக்டர் பார்த்து ஆறு வருஷமாயிற்று. அமெரிக்காவில் இத்தகையவர்களுக்கு எட்டு வாரம் பிடித்துவிட்டதில் வலி குறைந்தது என்றும், ஆனால் வருஷ முடிவில் பிடித்துக்கொள்ளாதவர்களுக்கும் அவர்களுக்கும் பேதம் தெரியவில்லை என்றும் படித்திருக்கிறேன். அதை அத்தையிடம் சொல்லவில்லை. எண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"இரண்டு காலையும் தேயடா" என்றார்.