மதிலுக்கு வெளியே ஓர் ஓடுபாதை

எங்கள் முத்துப்பேட்டையில் வீட்டுக்கு ஒரு சபுராளியாவது, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவராவது, இருப்பார். வழியனுப்ப வேன் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போவதுதான் வழக்கம். போன தடவை தஞ்சாவூரைத் தாண்டும்போது அக்கா மகன் கேட்டான்: “மாமா, இங்கேயும் ஏர்போர்ட் இருக்காமே, இங்கேருந்தே போகக் கூடாதா?” டிரைவர் முந்திக்கொண்டார்: “அது நம்மளை ஏத்துற ஏர்போர்ட் இல்ல தம்பி.”

அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூருக்குக் கிளம்பிவிட்டேன். புது பஸ் ஸ்டாண்டில் புதுக்கோட்டை பஸ் ஏறி, “ஏர்போர்ஸ் ஒண்ணு” என்றேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். “கேட்டுக்கா, டீக்கடைக்கா?” டீக்கடைக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இறங்கியதும் கண்ணில் பட்டது மண். எங்கள் பக்கம் களி; ஒரு மழை பெய்தால் சைக்கிள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு வண்டி நகராது. இங்கே செம்மண் மேடு, சரளை. ஒரு பிடி அள்ளித் தேய்த்தால் விரலிடுக்கில் பொடியாக உதிர்கிறது, ஒட்டவில்லை. வல்லத்துப் பக்கமெல்லாம் இப்படித்தான். டெல்டா முழுக்க வயல் இருக்க, வெள்ளைக்காரன் ஓடுபாதை போட இந்த மேட்டைப் பிடித்ததன் காரணம் காலடியிலேயே கிடந்தது.

காலமும் அவனை நெருக்கியது. இரண்டாம் உலகப் போர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 5-ல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ம் தேதி திருகோணமலை. வங்கக் கடல் திறந்த வாசலாகிவிட்டது. சூலூர், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் போர்க்கால ஓடுதளங்கள் முளைத்தன. தஞ்சாவூரும் அவற்றில் ஒன்று.

இங்கே வந்தவர்களில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரனின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரில் இருந்த படை அது. கையில் இருந்ததோ வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். 1942 ஜனவரியில் மலாயாவின் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியக் கப்பல்களைப் பட்டப்பகலில் தாக்கப் போய்ப் பெரும் பகுதியை இழந்தது. மிச்சம் ஜாவாவோடு போயிற்று. அந்தப் பெயருக்கு மறுபடி உயிர் கொடுத்தது 1942 அக்டோபர் 22-ல், இந்தத் தஞ்சாவூரில். இப்போது வெலிங்டன் விமானங்கள், வேலை நீர்மூழ்கிக் கப்பல் தேடுவது. வெலிங்டனின் உடல் தகடு போர்த்தியதல்ல. கூடை முடைந்ததுபோல் உலோகப் பின்னல், அதன்மேல் பசை பூசி இறுக்கிய துணி. அந்தத் துணிக் கூடைகள் கடலுக்கு மேல் மணிக்கணக்காகச் சுற்றியிருக்கின்றன. 1943 நடுவில் படை வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது.

இன்று மதில், அதன்மேல் முள்கம்பி, ‘புகைப்படம் எடுக்கத் தடை’ பலகை. செல்போனைப் பைக்குள் தள்ளிவிட்டு நடந்தேன். 2013 மே 27-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி இந்திய விமானப்படையின் தளமாக இதைத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் முன்னிலையில் 222-வது ஸ்குவாட்ரன் சுகோய்-30 விமானங்களோடு இங்கே குடியேறியது. தென்னிந்தியாவில் முதல் சுகோய் படை இதுதான். பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கத் தோதாக்கிய விமானங்கள். ஒரு ஏவுகணை இரண்டரை டன். வேடிக்கை என்னவென்றால், இந்தப் படையும் மறுபிறவிதான். 1969-ல் சுகோய்-7 விமானங்களோடு தொடங்கி, பிறகு மிக்-27 ஓட்டி, கலைந்துபோன படை. தஞ்சாவூர் மேட்டுக்கு ஏதோ ராசி இருக்கிறது.

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது சுகோய் ஒன்று கிளம்பியது. கண்ணாடி டம்ளரில் டீயின் மேல்பரப்பு வளையம் வளையமாக நடுங்கியது. சத்தம் வந்த பக்கம் அண்ணாந்தேன், வெறும் வானம். “அங்க இல்ல அண்ணே, முன்னாடி பாருங்க” என்றார் கடைக்காரர். சத்தத்தை விட்டுவிட்டு வெகுதூரம் முன்னே தள்ளிப் பார்த்தால், கிழக்கே கடல் பக்கம் ஒரு சின்னக் கறுப்புக் கோடு.

“இங்கேருந்து மெட்ராஸுக்குப் பிளேன் விட்டாங்களாமே?” என்று கேட்டேன்.

“வாயுதூத்தா? எங்கப்பா சொல்வாரு. ஏறுறதுக்கு ஆள் இல்லையாம்.”

உண்மைதான். 1990களின் தொடக்கத்தில் கொஞ்ச காலம் ஓடி, கூட்டம் சேராமல் நின்றுபோன வாயுதூத் நிறுவனத்தின் விமான சேவை அது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி வரும் என்று பேச்சு வருவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அன்றைக்கு ஆள் இல்லை என்றால் நம்பலாம். இன்றைக்கு எங்கள் ஊர் வேன்களை மட்டும் எண்ணினாலே போதும்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா போன் செய்தாள். மச்சானுக்கு டிக்கெட் போட்டாச்சாம், அடுத்த செவ்வாய், விடிகாலை விமானம். வேன் ராத்திரி பதினொரு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும், திருச்சிக்கு.