உருண்டையும் உப்புத் தண்ணீரும்

வாஷிங் மெஷினுக்கென்று விற்கும் துணைச் சாமான்கள் பெருகிக்கொண்டே போகின்றன. சோப்பே வேண்டாம் என்று சொல்லும் பிளாஸ்டிக் உருண்டை, காந்த உருண்டை, பூப்போல மிதக்கும் வலை, குழாயில் மாட்டும் ஃபில்டர், வாளியில் மூழ்கவிடும் அல்ட்ராசோனிக் வட்டு, டிரையருக்குக் கம்பளிப் பந்து. ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்கள். எது உதவும், எது உதவாது என்று தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

*

துணியில் அழுக்குப் போக நான்கு வேண்டும்: சோப்பு அல்லது காரம், உரசல், சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். சலவைத் தொழிலில் இன்றும் அதைச் ‘சின்னர் வட்டம்’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அந்த வட்டம் வரையப்படுவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர் வண்ணார்கள் வெள்ளாவியில் இந்த நான்கையும் சேர்த்துவிட்டார்கள். உவர்மண்ணில் காரம், அடுப்பில் ஏறும் ஆவியில் சூடு, வெந்து கிடக்கும் நேரம், விடிந்ததும் துறைக்கல்லில் அடி. வேட்டி வெள்ளை வெளேரென்று வந்தது இந்த அறிவால். அந்த அறிவுக்கு உரிய மதிப்பையும் கூலியையும் ஊர் கொடுக்கவில்லை.

புதிதாக எந்தச் சாமானைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நான்கில் இது எதைத் தருகிறது?

*

சோப்பு வேண்டாத உருண்டை. உள்ளே பீங்கான் மணிகள் இருக்கும். அவை அகச்சிவப்புக் கதிர் விடும், எதிர் அயனி தரும், தண்ணீரின் மூலக்கூறுகளைச் சிறிதாக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும். இதில் எதுவும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காது. டிடர்ஜென்ட் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படித்தான் பிசுக்கு துணியை விட்டுக் கிளம்புகிறது. பீங்கான் மணிக்கு அந்த இரண்டு முனையும் கிடையாது.

இது பழைய வியாபாரம்தான். நீலத் திரவம் அடைத்த உருண்டை ஒன்று தண்ணீரின் அமைப்பையே மாற்றிவிடும் என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம் விற்றது. 1999-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. வெறும் வெந்நீரில் அலசுவதைவிட அந்த உருண்டை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பது கமிஷன் தரப்பு.

பிறகு ஏன் வாங்கியவர்கள் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. நாம் துவைக்கப் போடுவதில் பாதி, ஒரு நாள் உடுத்திய வியர்வைத் துணி. வியர்வை உப்பும் தூசியும் வெறும் தண்ணீரிலேயே போய்விடும். முந்தைய துவைப்பில் தங்கிய சோப்பும் கொஞ்சம் கரைந்து வரும். நான்கில் உரசலையும் நேரத்தையும் மெஷின் கொடுத்துவிடுகிறது, பெயர் உருண்டைக்குப் போகிறது. காலர் பட்டை, தலையணை உறையில் ஏறிய தேங்காயெண்ணெய், குழந்தையின் துணி, இவற்றை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரே நாள் உடுத்திய இரண்டு சட்டைகளில் ஒன்றை உருண்டையோடும் இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் போட்டுப் பாருங்கள்.

*

அல்ட்ராசோனிக் வட்டு. கண்ணாடிக் கடையிலும் நகைக் கடையிலும் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி உண்மையிலேயே வேலை செய்யும். அது கடினமான பொருளுக்கு, சிறு தொட்டிக்கு. செல்போன் சார்ஜரில் ஓடும் வட்டுக்குக் கிடைப்பது பத்து வாட் அளவு மின்சாரம். ஒரு வாளித் தண்ணீரையும் அதில் மடிந்து கிடக்கும் துணியையும் அது என்ன செய்துவிடும்? சோப்பில் ஊறவைத்துக் கையால் நாலு கசக்குக் கசக்கினால் போதும்.

*

இனி தண்ணீர். உருண்டையைவிட இதுதான் பெரிய விஷயம்.

சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளில் மெஷின் கெடுவதற்கும் வெள்ளைத் துணி பழுப்பதற்கும் ஒரு முக்கியக் காரணம் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. கடினத் தண்ணீரில் சோப்புத்தூளின் ஒரு பங்கு கால்சியத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். மிச்சம்தான் அழுக்குக்கு. வெந்நீர் ஹீட்டர் உள்ள மெஷின் என்றால் ராடு மேல் சுண்ணாம்பு கெட்டியாக ஏறும். மெக்கானிக் அந்த ராடைக் கழற்றிக் காட்டி, “எல்லாம் உப்புத் தண்ணி வேலைம்மா” என்பார். சரியாகத்தான் சொல்கிறார்.

இதற்கு விற்கும் சாதனங்களில் குழாய்க்கு வெளியே கட்டும் காந்தத்தை நம்பிப் பணம் போட வேண்டாம். கால்சியம் காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் பொருள் அல்ல, அது தண்ணீரில் அப்படியேதான் இருக்கிறது. பாலிபாஸ்பேட் மணிகள் போட்ட ஃபில்டர் ஓரளவு உதவும். அது கால்சியத்தை எடுப்பதில்லை, படியவிடாமல் பிடித்து வைக்கிறது. மணிகள் கரைந்ததும் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் வெறும் டப்பா. முழுதாக வேலை செய்வது ரெசின் உள்ள சாஃப்ட்னர். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது கல்லுப்புக் கரைசல் விட்டால் ரெசினுக்குத் திரும்பப் பலம் வரும்.

டிடிஎஸ் மீட்டரை நீட்டி ஃபில்டர் விற்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. நல்ல சாஃப்ட்னர் போட்ட பிறகும் டிடிஎஸ் எண் இறங்காது. பரிசோதனை வீட்டிலேயே இருக்கிறது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, டிடர்ஜென்ட் கட்டி அல்லாத சாதாரணக் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்மையான தண்ணீர். தயிர் திரிந்த மாதிரி வந்தால் கடினம்.

ஏறிவிட்ட படிவுக்குச் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, கடையிலேயே கிடைக்கும். விலை உயர்ந்த ‘டிரம் கிளீனர்’ பொடிகளில் சிலவற்றின் அடிப்படையும் அதுதான். வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடலாம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பொங்குவது மட்டும்தான் நடக்கும். ஒரு எச்சரிக்கை: அமிலம் எதையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

*

வலைப் பை. தயங்காமல் வாங்கலாம். ஜாக்கெட் கொக்கி பட்டுப் புடவை நூலை இழுப்பதும், சுடிதார் நாடா மற்ற துணிகளோடு முறுக்கிக்கொள்வதும் நிற்கும். எந்த அதிசயத்தையும் சொல்லிக்கொள்ளாத சாமான் இது.

மிதக்கும் பூவலை, மேல்பக்கம் திறக்கும் மெஷினில் தண்ணீர் நிறைய நிற்கும்போது கொஞ்சம் பஞ்சு பிடிக்கும். முன்பக்கக் கதவு மெஷினில் தண்ணீர் அடியில்தான் கிடக்கிறது, எங்கே மிதப்பது? மேல்பக்கம் திறக்கும் மெஷினிலும் அதோடு வந்த லின்ட் பையைக் கழுவினாலே போதும்.

சாயம் பிடிக்கும் தாள் உண்மையிலேயே வேலை செய்யும். தண்ணீரில் அலையும் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நனைந்த சுங்குடி வெள்ளை வேட்டியோடு ஒட்டிக் கிடந்தால் தாளால் ஒன்றும் ஆகாது.

மஞ்சள் கறைக்கு எந்தச் சாதனமும் வேண்டாம். சோப்பின் காரம் பட்டதும் சிவந்து பயமுறுத்தும். அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும்.

*

டிரையர். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் நாம் டிரையர் என்று சொல்லும் தொட்டி சுற்றிப் பிழிவது மட்டும்தான் செய்கிறது. கம்பளிப் பந்துக்கு அங்கே வேலை இல்லை. டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் சூட்டு டிரையர். அங்கே பந்துகள் துணியைப் பிரித்துவிட்டுக் காற்றுப் புக வைக்கும். போர்வை, கம்பளிக்கு அது உதவும். நேரம் பாதியாகும் என்பதை நம்ப வேண்டாம். சாதாரணச் சூட்டு டிரையரில் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும், பந்து அந்தக் கணக்கை மாற்றாது. மெஷினில் வேகமாக ஒரு முறை கூடுதலாகப் பிழிந்தெடுத்தால் அதைவிட மிச்சம்.

அங்கே இருப்பவர்களிடம் போனில் சொல்ல வேண்டியது இதைத்தான்: பஞ்சு வலையை ஒவ்வொரு தடவையும் எடுங்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான கணக்கில், வீடுகளில் டிரையரால் ஆண்டுக்கு 2,900 தீ விபத்துகள் என்று சொன்னது. முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது.

*

பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கிறது. அவை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகின்றன. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகம் 2020-இல் இந்த இழைகளைப் பிடிப்பதற்கான ஆறு சாதனங்களைச் சோதித்தது. சிறந்த ஃபில்டர் 78 சதவீதம் குறைத்தது, கப்பிஃபிரெண்ட் என்னும் பை 54 சதவீதம், டிரம்மில் போடும் கோரா பால் 31. ஆக எல்லா உருண்டையும் ஏமாற்று அல்ல. பிடித்து வைக்கிறேன் என்று சொல்லும் சாமானுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. சோப்பில்லாமல் வெளுக்கிறேன் என்று சொல்வதற்கு இல்லை.

*

கடைசியாக, மறுபடியும் தண்ணீர். ஐரோப்பாவில் சோப்புத்தூள் பாக்கெட்டில் மென்மையான தண்ணீருக்கு இவ்வளவு, நடுத்தரத்துக்கு இவ்வளவு, கடினத் தண்ணீருக்கு இவ்வளவு என்று அளவு போட வேண்டும் என்பது சட்டம். இங்கே நான் வாங்கும் பாக்கெட்டுகளில் அது இல்லை. தமிழ்நாட்டில் விற்கும் சோப்பு நிறுவனங்கள் அந்த மூன்று அளவுகளையும் தமிழில் அச்சடிக்க வேண்டும். படிக்கிறவர்கள் பாக்கெட்டில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கு ஒரு முறையாவது போன் செய்து இதைக் கேளுங்கள்.