பிராக் நகரைப் படித்த கதை

தேச யாத்திரை செய்கிறவர்களில் இரண்டு தினுசு உண்டு. ஒரு தினுசினர் ஊரைப் பார்க்கிறவர்கள். மற்றொரு தினுசினர் ஊரைப் படிக்கிறவர்கள். பார்ப்பதற்குக் கண்ணும் காலும் போதும். படிப்பதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். அந்நிய நகரம் ஒன்றின் கற்களில் எழுதியிருக்கும் எழுத்து நமக்கு எங்ஙனம் தெரியும்? சொல்லிக் கொடுக்க ஓர் உபாத்தியாயர் அவசியம். இருபது வருஷமாகச் சரித்திர பாடம் நடத்திப் பிழைக்கும் நாம் இப்படிச் சொல்வதில் சற்றுச் சுயநலமும் கலந்திருக்கிறது என்று நேயர்கள் நினைத்தால், அதை நாம் மறுக்கப் போவதில்லை.

செக் குடியரசின் தலைநகரான பிராக் நகரத்தில், சென்ற கோடை விடுமுறையின்போது, ஒரு நாள் முழுவதும் நமக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக் கொண்டோம். அந்நகரில் குடையை உயரத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் முன்னே நடக்க, நாற்பது பேர் பின்னே ஓடும் கூட்டங்கள் தெருவுக்குத் தெரு தென்படும். அப்படிப் போனால் செலவு மிகவும் குறைவு. நம் மனைவியார் கணக்கில் கெட்டிக்காரர். "நீங்கள் கேள்வி கேட்பதற்கென்று சம்பளத்துக்கு ஓர் ஆளா?" என்று அவர் வினவினார். நியாயமான கேள்விதான். அதற்கு அப்பொழுது நாம் பதில் சொல்லவில்லை.

நமக்கு வாய்த்த வழிகாட்டி ஏறக்குறைய அறுபது வயதுள்ள ஓர் அம்மையார். ஆங்கிலம் நிதானமாகப் பேசுவார். முதலில் பழைய நகரச் சதுக்கத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நகர மண்டபத்துச் சுவரில் 1410-ஆம் வருஷத்திய வான சாஸ்திரக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. சூரிய சந்திரர்களின் சஞ்சாரத்தைக் காட்டும் சக்கரங்கள் அதில் சுழல்கின்றன. மணிக்கொரு தரம் எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலேயுள்ள ஜன்னல்களில் ஏசுநாதரின் சீடர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து போகிறார்கள். கீழே நிற்கும் ஜனங்கள் அத்தனை பேரும் கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிக்கிறார்கள்.

"இந்தக் கடிகாரத்தைச் செய்த ஹனூஷ் என்பவர் வேறெங்கும் இதைப்போல் இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று, நகரத்தார் அவர் கண்களைக் குருடாக்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்" என்றார் அம்மையார். நம் மனைவியார் "ஐயோ!" என்றார். உடனே அம்மையார், "கதை பொய். முதன்முதல் இதைச் செய்தவர் காடான் ஊர் மிகுலாஷ் என்ற கடிகாரக்காரர். அவர் கண்ணை யாரும் பறிக்கவில்லை. கதை நன்றாயிருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடாது" என்றார். நமக்கு அந்த க்ஷணமே அவரிடத்தில் நம்பிக்கை பிறந்தது.

கடிகாரத்துக்கு அருகிலேயே தரையைக் காட்டினார். கருங்கல் தளத்தில் வெள்ளைக் கற்களால் பதித்த சிலுவைகள். எண்ணிப் பார்த்தால் இருபத்தேழு. ஜனங்கள் அவற்றை மிதித்துக்கொண்டே போகிறார்கள். 1620-ஆம் வருஷம் நவம்பர் மாதம், நகருக்கு வெளியே வெள்ளைமலை என்னும் மேட்டில் நடந்த யுத்தத்தில், போஹீமியா நாட்டார் ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்தியின் சேனையிடம் தோற்றார்கள். மறு வருஷம் ஜூன் 21-ஆம் தேதி, கலகத் தலைவர் இருபத்தேழு பேரை இவ்விடத்தில் கொன்றார்கள். அவர்களில் பிரபுக்கள் மூவர், வீரப் பிரபுக்கள் எழுவர், நகரவாசிகள் பதினேழு பேர். சர்வகலாசாலையின் தலைவராயிருந்த வைத்தியர் யேசேனியஸும் அவர்களில் ஒருவர். அவருடைய நாவை அறுத்த பிறகே தலையை வெட்டினார்கள். பன்னிரண்டு தலைகளை ஆற்றுப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அவை பத்து வருஷம் அங்கேயே கிடந்தன.

அதே சதுக்கத்தின் மத்தியில் யான் ஹுஸ் என்னும் பெரியாரின் சிலை நிற்கிறது. 1402 முதல் இந்நகரின் பெத்லஹேம் கோவிலில் ஜனங்களுக்குப் புரியும் செக் மொழியிலேயே உபதேசம் செய்தவர் அவர். 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் மறைந்து ஐந்நூறு ஆண்டு நிறைந்தபோது, அந்நிய ஆட்சியின் கீழேயே ஜனங்கள் இச்சிலையை நாட்டினார்கள்.

"ஒருவர் நாவை அறுத்தார்கள், பிறகு ஒரு நாட்டின் நாவே மெலிந்து போயிற்று" என்று சொல்லிக்கொண்டே அம்மையார் முன்னே நடந்தார். வெள்ளைமலைத் தோல்விக்குப் பின்னர் அரசாங்கமும், உயர்ந்த கல்வியும், கண்ணியமான பேச்சும் வரவர ஜெர்மன் மொழிக்கே உரியவையாயின. செக் மொழி பெரும்பாலும் கிராமத்திலும் சமையலறையிலும் குதிரை லாயத்திலும் பேசுகிற பாஷையாகத் தேய்ந்தது. 1809-இல் செக் மொழிக்குச் சிறந்த இலக்கணம் இயற்றிய டோப்ரோவ்ஸ்கி என்னும் பண்டிதர்கூட அதை ஜெர்மன் மொழியிலேதான் எழுதினார் என்றால் நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

சில தெருக்களைக் கடந்ததும் ஒரு சிறு சதுக்கம். அங்கே நாற்காலியில் அமர்ந்த கோலத்தில் ஒருவர் சிலையாக இருக்கிறார். அவர் யோசெப் யுங்மான், பள்ளிக்கூட உபாத்தியாயர். நாம் சற்று நிமிர்ந்து நின்றோம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவர் 1830-களில் ஐந்து பெரிய பாகங்களாகச் செக்-ஜெர்மன் அகராதியை வெளியிட்டவர். பழைய ஏடுகளிலிருந்து சொற்களை மீட்டார். இல்லாதவற்றை இனமொழிகளிடம் கடன் வாங்கினார். அதற்கும் அகப்படாதவற்றைப் புதிதாகச் சமைத்தார். சமையலறைப் பாஷை என்று இகழப்பட்ட அம்மொழி உலகத்துக்கு அளித்த சொல் ஒன்றை இப்பொழுது நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்கிறார்கள். 'ரோபோ' என்பதே அது. 1920-இல் கரேல் சாபெக் தம் நாடகத்தில் வழங்கிய 'ரோபாட்' என்னும் அச்சொல், பண்ணையாளர் செய்த கட்டாய ஊழியத்தைக் குறிக்கும் செக் வார்த்தையிலிருந்து பிறந்தது.

பக்கத்திலேயே வென்ஸஸ்லாஸ் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், உண்மையில் அகன்று நீண்ட ராஜவீதி. 1968 ஆகஸ்டில் ஸோவியத் டாங்கிகள் இவ்வழியாக வந்தன. அதை எதிர்த்து 1969 ஜனவரியில் யான் பாலாக் என்னும் மாணவர் இங்கே தம்மைத் தீக்கு இரையாக்கிக் கொண்டார். இவ்விடத்தில் நாம் ஒரு பெயரை நினைவுகூர்ந்தோம். 1927-இல் இதே பிராக் நகரில் பிறந்து, தமிழ் கற்று, நம் இலக்கியத்தை மேனாட்டாருக்கு எடுத்துரைத்த கமில் ஸ்வெலபில், அந்த டாங்கிகள் வந்த பிறகு தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அம்மையாரிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் இன்று நானும் ஒரு பாடம் கற்றேன்" என்று குறித்துக் கொண்டார்.

1989 நவம்பரில் இதே வீதியில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் கூடிச் சாவிக் கொத்துக்களைக் குலுக்கினார்கள். ஆட்சி முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்பதற்கு அது மணி. "என்னிடம் அன்று இருந்தது ஒரே சாவி. ஒற்றைச் சாவி எப்படி ஒலிக்கும்? பக்கத்தில் நின்ற கிழவர் தம் கொத்திலிருந்து இரண்டைக் கழற்றிக் கொடுத்தார்" என்று அம்மையார் சிரித்தார்.

அங்கிருந்து வல்தவா நதிக்கரையிலுள்ள தேசிய நாடகசாலைக்கு வந்தோம். செக் மொழியில் நாடகம் நடத்த ஒரு சொந்த இடம் வேண்டுமென்று ஜனங்கள் பல வருஷம் பணம் திரட்டினார்கள். 1868-இல் நாட்டின் பல மலைகளிலிருந்தும் புராதன ஸ்தலங்களிலிருந்தும் அஸ்திவாரக் கற்கள் வந்து சேர்ந்தன. 1881 ஜூன் மாதம் திறந்தார்கள். ஆகஸ்டு மாதம் தீப்பிடித்து எரிந்தது. அழுதுகொண்டு உட்காரவில்லை, நாற்பத்தேழு நாளில் பத்து லக்ஷம் பொற்காசளவு நிதி சேர்ந்தது. 1883 நவம்பரில் மறுபடியும் கதவு திறந்தது. மேடைக்கு மேலே, 'தேசம் தனக்குத் தானே அளித்தது' என்னும் பொருளுள்ள இரண்டே சொற்கள் பொறித்திருக்கின்றன.

நமக்கு மெய்சிலிர்த்தது. அம்மையார் அப்பொழுதும் விடவில்லை. "ஏழைகளின் செப்புக்காசு மட்டுமே இதைக் கட்டியது என்பார்கள். சக்கரவர்த்தியின் குடும்பமும் பணம் கொடுத்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?" என்றார்.

ஆற்றோரமாக நடந்து, 1357-இல் நாலாம் சார்லஸ் மன்னர் தொடங்கிய கல்பாலத்தையும், பன்னிரண்டு தலைகள் தொங்கிய கோபுரத்தையும் தாண்டி, யூதர்களின் பழைய பேட்டைக்குச் சென்றோம். பிங்காஸ் தேவாலயத்தின் உட்சுவர் முழுவதும் பெயர்கள். நாஜிகள் கொன்ற போஹீமியா, மொரேவியா பிரதேசத்து யூதர் ஏறக்குறைய 78,000 பேருடைய பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். 1950-களில் எழுதியவை பிறகு இல்லாமற்போக, 1992 முதல் 1996 வரை மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதினார்களாம்.

வெளியே வந்து ஒரு பெஞ்சியில் அமர்ந்தோம். காலை முதல் அதிகம் பேசாதிருந்த நம் மனைவியார், "தெருவுக்குத் தெரு ஜெர்மன்காரர் கட்டியது, ஜெர்மன்காரர் எழுதியது என்று சொல்லி வந்தீர்களே, அவர்களெல்லாம் இப்பொழுது எங்கே, அம்மா?" என்று கேட்டார்.

அம்மையார் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். பிறகு சொன்னார்: "யுத்தம் முடிந்ததும் 1945-லும் 1946-லும் எங்கள் நாட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது லக்ஷம் ஜெர்மன் மொழியினரை வெளியேற்றினோம். ஹிட்லருக்குத் துணை போனவர்கள் அவர்களில் அநேகர் உண்டு. ஆனால் குழந்தைகளும் கிழவிகளும் போனார்கள். வழியில் இறந்தவர்களும் அநேகர். எல்லைப்புறத்தில் என் பாட்டனாருக்குக் கிடைத்த வீடு அப்படிக் காலியான வீடு. அதன் கதவு நிலையில், மூன்று குழந்தைகள் வருஷா வருஷம் எவ்வளவு உயரம் வளர்ந்தார்கள் என்று பென்ஸிலால் கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தது. சிறு பிராயத்தில் நான் அந்தக் கோடுகளோடு என் உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பேன். அவர்கள் யார் என்று கேட்டால் வீட்டில் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள்."

நாற்பது பேர் கூட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது. கேட்டாலும் இந்தப் பதில் வந்திராது. காலையில் நம் மனைவியார் போட்ட கணக்குக்கு விடை இங்கே கிடைத்தது. அவரும் அதை ஒப்புக்கொண்டார்.

நேயர்களில் எவரேனும் அயல்நாட்டு நகரம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தால், நாம் சொல்லக்கூடிய யோசனை இதுதான். முடிந்தால் இரண்டு வேளை நல்ல ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்துக் கொண்டாவது தனி வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். முதல் ஒரு மணி நேரம் அவரைக் கவனியுங்கள். எல்லாம் பெருமையாகவே சொல்கிறாரென்றால் அவர் ஊரை விற்கிறார். எல்லாம் இகழ்ச்சியாகவே சொல்கிறாரென்றால் அவருக்கு ஊரில் பாத்தியதை விட்டுப் போயிற்று. இருபத்தேழு சிலுவைகளையும் காட்டி, கதவு நிலையிலுள்ள பென்ஸில் கோடுகளையும் மறைக்காமல் சொல்பவர் அகப்பட்டால், அவரை விட்டுவிடாதீர்கள்.

பிறர் இழைத்த கொடுமையை நினைவில் வைத்திருப்பது எந்த ஜனசமூகத்துக்கும் எளிது. தாம் இழைத்ததையும் அதே குரலில் சொல்லக் கற்றுக்கொள்ள, அந்த நாட்டுக்கு நாடகசாலை கட்டியதைவிட நீண்ட காலம் பிடித்திருக்கிறது. அதற்கு வேண்டிய நிதியை வெளியிலிருந்து எந்தச் சக்கரவர்த்தியும் கொடுத்திருக்க முடியாது. மேடைக்கு மேலே பொறித்த அந்த இரண்டு சொற்கள் இதற்கும் பொருந்தும் என்றே நமக்குத் தோன்றுகிறது.