பதினொரு நாள்

அடுத்த வாரம் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எனக்கு நேர்காணல். ஐ-130 மனு போட்டது டல்லாஸில் இருக்கும் மனைவி. கேள்விக்குப் பதில் சொல்லப்போவது நான் மட்டும். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகவில்லை. அதனால் இப்போதைக்கு நிபந்தனையோடு இரண்டு வருஷ கிரீன் கார்டுதான்.

ஆல்பம், விமான டிக்கெட், வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். சண்டை போட்டுப் பதினொரு நாள் பேசாமல் இருந்தது மட்டும் உறுத்தியது. அந்தப் பக்கங்களை உருவிவிட்டேன்.

ராத்திரி அவளிடம் சொன்னேன்.

"அதையும் வைப்பா. விசாவுக்காகக் கட்டிக்கிட்டவங்க இப்படியா சண்டை போடுவாங்க?"

திரும்பச் செருகினேன். பன்னிரண்டாம் நாள் அவள் அனுப்பியிருந்தது ஒரே வார்த்தை: "சாப்ட்டியா?"

பக்கத்தில் ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.